மூன்று கம்பு, ஒரு கேபிள்: பத்து மீட்டர் பேண்டுக்கு மாடியில் ஆன்டெனா கட்டியது

மாடியில் கட்டிய மூன்று கம்புகளில் இப்போது ஒன்றுதான் மிச்சம். ஜனவரியில் தொட்ட வேலை, ஆகஸ்ட் வரை இழுத்துவிட்டது. நடுவில் ஒரு கபாசிட்டர் வெடித்தது, ஒரு கம்பு முறிந்தது. அதெல்லாம் பரவாயில்லை. எந்த ஆன்டெனா நல்லது என்று ஐந்து வாரம் தப்பான முடிவை நம்பிக்கொண்டு, அதை நாலு பேரிடம் சொல்லியும் வைத்திருந்தேன். அதைத் திருத்தத்தான் இந்தப் பதிவு.

வீடு கடலூர் முதுநகரில். கடல் முக்கால் கிலோமீட்டர் தள்ளி. நான் ஹாம், அதாவது உரிமம் பெற்ற அமெச்சூர் ரேடியோக்காரன்; ஜெனரல் கிரேடு. 28 மெகாஹெர்ட்ஸில், அதாவது பத்து மீட்டர் பேண்டில், இரண்டு ஆசைகள். ஒன்று, வில்லியனூரில் இருக்கும் ஒரு மூத்த ஹாமோடு தினமும் சாயங்காலம் பேச வேண்டும். நேர்கோட்டில் சுமார் 23 கிலோமீட்டர். இன்னொன்று, பேண்டு திறக்கும்போது, அதாவது அலை வானில் பட்டுத் தூரத்துக்குப் போகும் நேரத்தில், வெளிநாடு. வில்லியனூர்க்காரர் வைத்திருப்பது செங்குத்து ஆன்டெனா. என்னிடம் இருந்தது டைபோல்: நடுவில் கேபிள், இரண்டு பக்கமும் சரிந்த கம்பி, ஏறக்குறைய படுத்த ஆன்டெனா. ஒருவர் படுத்தும் ஒருவர் நின்றும் இருந்தால் பக்கத்து ஊர் பேச்சில் சிக்னல் பாதாளத்துக்குப் போய்விடும். அதனால் நானும் நிற்க வேண்டியதாயிற்று.

இந்த அளவுகளுக்கு நல்ல முன்மாதிரி சிபி (சிட்டிசன்ஸ் பேண்டு) ரேடியோக்காரர்களின் ஆன்டெனாக்கள்தான். அவர்களுடைய 27 மெகாஹெர்ட்ஸ் நம் பேண்டுக்கு அடுத்த வீடு. நம் நாட்டில் 26.957 முதல் 27.283 வரை 5 வாட்டுக்குள் உரிமம் இல்லாமலே பேசலாம். அவர்கள் வீட்டு மொட்டை மாடிக்கென்று வடிவமைத்த கம்பைக் கொஞ்சம் குறைத்து வெட்டினால் 28.4-க்கு வந்துவிடும். கம்பின் நீளம் அலைநீளத்தில் எவ்வளவு, கால் அலையா, அரை அலையா, எட்டில் ஐந்து அலையா என்ற சண்டை அங்கே ரொம்ப நாளாக நடக்கிறது. சரி, மூன்றையும் கட்டிப் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

முதலில் நிற்க ஒரு கால் வேண்டும். ஒன்றரை இஞ்ச் ஜிஐ பைப், பத்தடி, மாடிப்படி அறையின் சுவரில் இரண்டு கிளாம்ப். வெல்டிங் கூலியோடு 1,650 ரூபாய். கம்பு சாய்ந்தால் எங்கே விழும் என்பதை டேப் வைத்து அளந்தேன்: பைப் 3 மீட்டர், மிக நீளமான ஆன்டெனா 6.3 மீட்டர், மொத்தம் 9.3. தெருவில் போகும் மின்கம்பி அங்கிருந்து 12 மீட்டர். இதை அளக்காமல் மேலே எதையும் ஏற்ற வேண்டாம். இழுத்துக் கட்ட துறைமுகம் பக்கத்து வலைக்கடையில் 6 மில்லி கயிறு, 240 ரூபாய். கம்பியால் கட்டினால் ஆன்டெனா அதையும் தன் குடும்பத்தில் சேர்த்துக்கொள்ளும். வலைக்கயிறு அந்தப் பிரச்சினை தராது.

கால் அலை ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. 71.3-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் நீளம், 28.4-க்கு 2.51. அலுமினிய பைப் கொஞ்சம் தடிமன் என்பதால் கடைசியில் 2.46-ல் நின்றது. கீழே 2.55 மீட்டரில் நான்கு ரேடியல்கள் (ஆன்டெனாவுக்குத் தரைபோல இருக்கும் கம்பிகள்), 45 டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்து. கிடையாக விட்டால் 36 ஓம் பக்கம் இருக்கும், சாய்த்தால் கேபிளுக்கு ஏற்ற 50-க்கு வரும். இரண்டையும் பொருத்தும் மேட்சிங் என்று தனியாக ஒன்றும் வேண்டாம். ஆன்டெனாவை அளக்கும் கையடக்கக் கருவியான நானோவிஎன்ஏவில் எஸ்டபிள்யூஆர் 1.2 (கேபிளும் ஆன்டெனாவும் எவ்வளவு பொருந்துகின்றன என்ற அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்). பைப் 420 ரூபாய், சாக்கெட் 60 ரூபாய். அம்மா மட்டும், "துணி காயப்போடுற இடத்துல நாலு பக்கமும் கம்பி நீட்டிக்கிட்டு நிக்குதுடா, கண்ணுல குத்துனா என்னா பண்ணுவ?" என்றார். நியாயமான கேள்வி. ரேடியல் நுனிகளில் பழைய டென்னிஸ் பந்தைச் செருகினேன்.

அரை அலைக்கு ரேடியல் வேண்டாம் என்பது பெரிய வசதி. ஐந்து மீட்டர் கம்புக்கு எங்கே போவது என்று யோசித்தபோது கொல்லையில் முருங்கை பறிக்கும் துரட்டி கண்ணில் பட்டது. அலுமினியம், நான்கு துண்டு, ஒன்றுக்குள் ஒன்று நுழைவது, இழுத்தால் இருபது அடி. அம்மாவுக்கு வேறு வாங்கித் தருகிறேன் என்று சொல்லி எடுத்துக்கொண்டேன். 950 ரூபாய்.

இங்கே முதல் அசடு. துரட்டியை இழுத்து, காயிலும் கபாசிட்டரும் உள்ள மேட்சிங் பெட்டியைக் கட்டி, ஏற்றி, நானோவிஎன்ஏவைப் பார்த்தால் கோடு அசையவே இல்லை. காயிலை மாற்றினேன், காயிலில் கேபிள் தொடும் இடத்தை (டேப்) மாற்றினேன், இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள்தான் மல்டிமீட்டரை எடுத்து அடிக்கும் நுனிக்கும் வைத்தேன். பஸ்ஸர் கத்தவில்லை. துண்டுகள் சேரும் இடத்தில் இருப்பது பிளாஸ்டிக் வளையம். போதாததற்குப் பைப்பின் மேல் பளபளப்புப் பூச்சு. நான் இதுவரை டியூன் செய்தது ஐந்தடிக் குச்சியை. வளையங்களைக் கழற்றி எறிந்து, சேரும் இடத்தை 120 உப்புத்தாளால் வெள்ளையாகும் வரை தேய்த்து, வெளிப் பைப்பின் வாயில் ஹேக்ஸா பிளேடால் இரண்டு கீறல் போட்டு, ஸ்டெயின்லெஸ் ஹோஸ் கிளிப்பால் இறுக்கினேன். இப்போது பஸ்ஸர் கத்தியது. முடிவு நீளம் 4.92 மீட்டர்.

அரை அலையை அடியில் ஊட்டும்போது அங்கே ஓரிரண்டாயிரம் ஓம் இருக்கும். 50 ஓமை அந்த உயரத்துக்கு ஏற்ற, ஒரு இஞ்ச் பிவிசி துண்டில் 6 சுற்று செம்புக் கம்பி, அதற்கு இணையாக 33 பிகோஃபாரட் கபாசிட்டர். கேபிளின் நடுக்கம்பி, கீழிருந்து ஏறக்குறைய முதல் சுற்றில். டேப்பை அரை இஞ்ச் நகர்த்தினால் எஸ்டபிள்யூஆர் 1.3-லிருந்து 2-க்குப் போகும், அவ்வளவு முரண்டு. கபாசிட்டருக்குப் பெட்டியில் கிடந்த சாதாரண செராமிக் வில்லையைப் போட்டேன். 10 வாட்டில் நன்றாக இருந்தது. 50 வாட் ஏற்றியதும் டப். அது 50 வோல்ட் வில்லை. அந்த இடத்தில் 100 வாட்டுக்கு 400 வோல்ட்டுக்கு மேல் வரும். கணக்குப் போட்டிருந்தால் தெரிந்திருக்கும், போடவில்லை. அதற்குப் பதில் ஆர்ஜி-58 என்ற மெல்லிய ரேடியோ கேபிளில் ஒரு துண்டு: மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிகோஃபாரட், ஆக 35 சென்டிமீட்டர் கொஞ்சம் கூட வைத்து, அரை அரை சென்டிமீட்டராக நறுக்கிக்கொண்டே வந்தேன். திறந்த நுனியில் கேபிளின் வெளி வலையைக் கொஞ்சம் பின்னுக்கு வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அங்கே பொறி அடிக்கும். இந்தக் கேபிள் கபாசிட்டர் இன்றுவரை சூடுகூட ஆகவில்லை.

எட்டில் ஐந்து பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 6.28 மீட்டர் கம்பு, அடியில் தொடர் காயில், ஏழு சுற்றில் ஆரம்பித்து ஆறில் நின்றது, நான்கு ரேடியல்கள். பைப் மட்டும் 900 ரூபாய். எஸ்டபிள்யூஆர் 1.5. கட்டுவது கஷ்டமில்லை, தூக்கி நிறுத்துவதுதான் கஷ்டம். தனியாக முடியாது; பக்கத்து வீட்டுத் தம்பி கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

அப்புறம் ஒப்பீடு. இங்கேதான் அந்த ஐந்து வாரம் போனது.

கால் அலை படிக்கட்டு அறை மேல், 12 மீட்டர் பழைய கேபிளில். அரை அலை மாடியின் இன்னொரு மூலையில், புதுச்சேரியில் வாங்கிய 22 மீட்டர் ஆர்ஜி-58-ல். இரண்டையும் ஒரு ஸ்விட்சில் கொண்டுவந்து, வில்லியனூர் அண்ணனிடம் மாற்றி மாற்றிக் கேட்டேன். கால் அலை ஒரு எஸ் யூனிட் (ரேடியோவின் மீட்டர் காட்டும் சிக்னல் அளவு) கூட என்றார். என் பக்கம் கேட்பதிலும் அதே கதை: அரை அலையில் இரைச்சல் மட்டுமே எஸ்6, கால் அலையில் எஸ்4. துரட்டி வேலைக்கு ஆகாது, அரை அலை என்பதெல்லாம் பேச்சு என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். அண்ணன் மட்டும், "ஓஎம், கம்பத்தைப் பாத்தீங்க, கேபிளைப் பாத்தீங்களா?" என்று ஒருமுறை கேட்டார் (ஓஎம் என்பது ஹாம்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடும் விதம்). காதில் வாங்கவில்லை.

பிடிபட்டது இரண்டு தற்செயல்களால். ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா மாடிக்கே வந்துவிட்டார். "தம்பி, சாயங்காலமானா பையன் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்ல வாத்து கத்துற மாதிரி ஒரு சத்தம் வருது, அது நீதானா?" நான்தான். எஸ்எஸ்பி (ஹாம்கள் குரல் அனுப்பும் முறை) ஸ்பீக்கரில் அப்படித்தான் கேட்கும். அதுவும் துரட்டியில் பேசும்போது மட்டும். கால் அலையில் பேசினால் வாத்து இல்லை. அடுத்த வாரம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குக் கரண்ட் போனது. ரேடியோ பேட்டரியில் இருந்தது. துரட்டியின் இரைச்சல் எஸ்6-லிருந்து சட்டென்று எஸ்2. கால் அலையில் ஒரு யூனிட்தான் குறைந்தது.

அப்போதுதான் உறைத்தது. ரேடியல் இல்லாத அரை அலைக்கும் எதிர்ப்பக்கம் ஒன்று வேண்டும். நான் தராததால் கேபிளின் வெளி வலையை அதுவே எடுத்துக்கொண்டது. அந்தக் கேபிள் சுவரோடு இறங்கி, இன்வெர்ட்டரையும் மீட்டர் போர்டையும் உரசிக்கொண்டு அறைக்குள் வருகிறது. பேசும்போது அது பக்கத்து வீட்டு ஸ்பீக்கருக்குப் பாடியது. கேட்கும்போது எங்கள் வீட்டுப் படிக்கட்டு எல்இடி பல்பின் குப்பையை எல்லாம் மேலே கொண்டுபோய் ஊற்றியது.

சரி என்று கேபிளைக் கழற்றி அளந்தேன். ஒரு முனையைத் திறந்து விட்டு, மறு முனையில் நானோவிஎன்ஏவை வைத்து ரிட்டர்ன் லாஸ், அதாவது போய்த் திரும்பி வருவதற்குள் ஆகும் இழப்பு, பார்த்தால் 28.4-ல் 6.2 டிபி (டெசிபெல்; 3 டிபி போனால் பவரில் பாதி போய்விட்டது). பாதி போட்டால் ஒருவழி இழப்பு 3.1. நல்ல ஆர்ஜி-58 என்றால் 22 மீட்டருக்கு 1.8 போல வர வேண்டும். உரித்துப் பார்த்தேன், வலை என்று பெயருக்குத்தான், இழைகளுக்கு நடுவே வெள்ளை தெரிகிறது. மேல் முனையில் ஒரு சாண் நீளத்துக்குச் செம்பு கறுத்துவிட்டது. ஆக, 100 வாட்டில் பாதிகூட மேலே போய்ச் சேரவில்லை. மீட்டருக்கு 28 ரூபாய்க்கு இதற்குமேல் எதிர்பார்த்தது என் தப்பு.

புதிதாக ஆர்ஜி-213 என்ற தடித்த கேபிள், 20 மீட்டர், 2,200 ரூபாய். இந்த வேலையில் செய்த மிகப் பெரிய செலவு, மிக நல்ல செலவும் அதுதான். இழப்பு 0.8 டிபி. பெட்டிக்கு 50 சென்டிமீட்டர் கீழே, நான்கு இஞ்ச் பிவிசி பைப் துண்டில் அதே கேபிளை 6 சுற்று, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, குவியலாக இல்லாமல் சுற்றினேன்; இதுதான் சோக், வெளி வலையில் ஓடுவதைத் தடுப்பது. ஏறக்குறைய 2.2 மீட்டர் கேபிள் அதற்கே போய்விடும், வாங்கும்போதே சேர்த்துக்கொள்ள வேண்டும். இரைச்சல் எஸ்6-லிருந்து எஸ்3. எல்இடி பல்பை மாற்றியதும் இன்னும் கொஞ்சம். வாத்து அன்றோடு போயிற்று. அக்கா மறுபடி மாடிக்கு வரவில்லை.

இரண்டாவது ஒப்பீட்டை ஒழுங்காகச் செய்தேன். ஒரே பைப், ஒரே கேபிள், ஒரே உயரம். மாற்றிக் கட்ட ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் ஆனது. 23 கிலோமீட்டர் தரையலை பகல் நேரத்தில் அவ்வளவாக ஆடாது என்பதால் அது பரவாயில்லை. எஸ் மீட்டரை நம்பவில்லை. நான் 100-லிருந்து 25 வாட்டுக்கு இறக்கினால் 6 டிபி. அதற்கு ஒரு யூனிட் இறங்க வேண்டிய அண்ணனின் முள் ஒன்றரை யூனிட் இறங்கியது. அதாவது அவர் மீட்டரின் ஒரு யூனிட் 4 டிபிதான். அதனால் முள்ளை ஒரே இடத்தில் நிறுத்தி வாட்டை அளப்பது என்று வைத்துக்கொண்டோம். கால் அலை 100 வாட்டில் காட்டிய இடத்தை அரை அலை 60 வாட்டிலேயே தொட்டது: 2.2 டிபி கூட. அரை அலை 100 வாட்டில் காட்டியதை எட்டில் ஐந்து 85 வாட்டில் தொட்டது: 0.7 டிபி. முதல் தீர்ப்புக்கு நேர்மாறு. அரை அலை முன்னால் போனதற்குப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை என்று நினைக்கிறேன்; அதன் மின்னோட்டம் அதிகமாக இருக்கும் இடம் கம்பின் நடுவில், அது கால் அலையின் அடியைவிட இரண்டரை மீட்டர் உயரத்தில் நிற்கிறது.

வெளிநாட்டுக்கு 28.200-ல் வரும் பீக்கன்கள், அதாவது பேண்டு திறந்திருக்கிறதா என்று காட்டவே ஒலிக்கும் நிலையங்கள்தான் எனக்கு அளவுகோல். உலகம் முழுக்க 18 நிலையங்கள், ஆளுக்குப் பத்து நொடி, மூன்று நிமிடத்துக்கு ஒரு சுற்று. மோர்ஸில் அழைப்புக்குறியைச் சொல்லிவிட்டு நான்கு நீண்ட கோடுகள்: 100 வாட், 10, 1, 0.1. எத்தனை கோடு காதில் விழுகிறது என்று எண்ணினால் போதும், ஒவ்வொரு கோடும் 10 டிபி படி. பெர்த் பக்கத்து விகே6ஆர்பிபி கால் அலையில் பெரும்பாலும் இரண்டு கோடு, நல்ல நேரத்தில் மூன்று. அரை அலையிலும் எட்டில் ஐந்திலும் மூன்று. இவை இரண்டுக்கும் நடுவே என் காது வித்தியாசம் காணவில்லை. சிக்னல் ஏறி இறங்குவதில் அந்த 0.7 கரைந்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், எதிரே கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இலங்கையின் 4எஸ்7பி அனேக நாள் கேட்கவே கேட்காது. வானில் பட்டுத் திரும்பும் அலை நம் தலைக்கு மேலே தாண்டிப் போய்விடுகிறது. ஆஸ்திரேலியா கேட்கிறது, ஹாங்காங் கேட்கிறது, இலங்கை இல்லை. பத்து மீட்டருக்குப் புதிதாக வருகிறவர்கள் இதை ஆன்டெனாவின் கோளாறு என்று நினைத்துக் கம்பை நறுக்கிவிட வேண்டாம்.

எட்டில் ஐந்து தானாகவே போட்டியிலிருந்து விலகிக்கொண்டது. மே மாதப் பிற்பகல் கடல்காற்றில் அது நாணல் மாதிரி ஆடும். ஒரு நாள் மேலிருந்து இரண்டாவது இணைப்பில் முறிந்து, கயிற்றில் தொங்கியது. முறிந்த இடம் நான் ஸ்க்ரூவுக்காக 4 மில்லி துளை போட்ட இடம். மற்ற இணைப்புகளில் கீறலும் கிளிப்பும். அங்கே மட்டும் கிளிப் தீர்ந்துவிட்டது, கடைக்குப் போகச் சோம்பல். காற்று சரியாக அந்த இடத்தைத்தான் கண்டுபிடித்தது. ஒட்டவைத்து அளவுகளை முடித்தேன், மறுபடி நிரந்தரமாக ஏற்றவில்லை.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கடலோரத்தில் அலுமினியத்தோடு செம்பை நேராகச் சேர்த்தால் ஒன்றரை மாதத்தில் நடுவே வெள்ளைப் பொடி வந்துவிடுகிறது. கால் அலையின் ஒரு ரேடியல் அப்படித்தான் செத்தது, எஸ்டபிள்யூஆர் மட்டும் 1.2-லிருந்து 1.6 ஆனது, வேறு அறிகுறி இல்லை. இப்போது எல்லா இடத்திலும் நடுவே ஸ்டெயின்லெஸ் வாஷர், மேலே கொஞ்சம் கிரீஸ். கனெக்டரைச் சுற்றிச் சைக்கிள் ட்யூபை நாடாவாக வெட்டி இழுத்துச் சுற்றினேன், அதன் மேல் இன்சுலேஷன் டேப். மேட்சிங் பெட்டியின் அடியில் ஒரு சின்ன ஓட்டை. மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் உள்ளே வியர்க்கிறது, வெளியே போக வழி வேண்டும்.

செலவு, மூன்று ஆன்டெனாவுக்கும் வீணான ஆர்ஜி-58-க்கும் சேர்த்து ஏறக்குறைய 7,500 ரூபாய். நானோவிஎன்ஏ தனியாக 5,200. இன்று ஒருவர் கேட்டால், நல்ல கேபிளும் சோக்கும் முதலில் வாங்குங்கள், மிச்சக் காசில் ஏதாவது ஒரு கம்பு என்பேன். ரேடியலுக்கு இடம் இருந்து, உயரம் தடை என்றால் கால் அலை. துணி காயும் மாடி என்றால் அரை அலை. எட்டில் ஐந்தைக் கட்டிப் பார்க்கும் சந்தோஷத்துக்காக மட்டும் கட்டலாம்.

நின்றது துரட்டிதான். இனி மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு வேலை பாக்கி. இடி மின்னல் என்றால் கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுகிறேன், அது சரி. ஆனால் புயல் அறிவிப்பு வந்தால் கம்பையே படுக்க வைக்க வேண்டும். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கரை கடந்தபோது இந்தத் தெருவில் என்னென்ன பறந்தது என்று பார்த்தவன் நான். நேற்று நேரம் பார்த்தேன்: மூன்று கயிறு அவிழ்த்து, இரண்டு கிளாம்ப் கழற்றி, தனி ஆளாக இறக்க 26 நிமிடம். மழையில் இன்னும் ஆகும். அதனால் பைப்பின் அடியில் ஒரு கீல் வைத்து, ஒற்றை போல்ட்டைக் கழற்றினால் சாய்கிற மாதிரி செய்யச் சொல்லியிருக்கிறேன். வெல்டர் வியாழக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார்.